கிராஸ்னி: முதலில் சிவப்பா, அழகா?

கூழாங்கல்:
மாஸ்கோவின் செஞ்சதுக்கத்துக்கு (கிராஸ்னயா பிளோஷத்) கம்யூனிஸ்டுகள் பெயர் வைக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பெயர் வந்துவிட்டது, அப்போது அது 'அழகிய சதுக்கம்'. இதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெயரில் உள்ள 'கிராஸ்னி' (இன்றைய ரஷ்ய மொழியில் 'சிவப்பு') பிறப்பிலேயே சிவப்பைச் சுமந்த சொல் என்பேன். அதன் தாய்ச்சொல் 'க்ராசா', அழகு. அதை லிதுவேனிய மொழியின் 'க்ரோஸ்னிஸ்', அதாவது அடுப்போடு சிலர் உறவுபடுத்துகிறார்கள். தணலின் ஒளிதான் மூலம்.

நெய்தல்:
அப்படியானால் ரஷ்யனின் சகோதர ஸ்லாவிய மொழிகளில் அந்தச் சிவப்பு எங்கே போயிற்று? செக் மொழியில் 'க்ராஸ்னீ' அழகு மட்டும்தான். சிவப்புக்கு அங்கே 'செர்வெனீ', போலிஷில் 'செர்வோனி', பல்கேரியத்தில் 'செர்வென்'. எல்லாமே 'புழு' என்ற சொல்லின் வழி வந்தவை. அந்தக் காலத்தில் ஒரு சிறு செடியின் வேரில் ஒட்டியிருக்கும் பூச்சிகளை ஜூன் கடைசியில் மண்ணைக் கிளறி எடுத்து, காயவைத்து, சிவப்புச் சாயம் எடுத்தார்கள். போலந்தில் ஜூன் மாதத்தின் பெயரே 'செர்வியெத்ஸ்'. சிவப்பின் பழைய சொல் இதுதான்.

கூழாங்கல்:
மற்றவர்கள் இழந்ததை ரஷ்யன் காப்பாற்றி வைத்திருக்கலாமே?

நெய்தல்:
காப்பாற்றியிருந்தால் பழைய ஏடுகளில் இருக்க வேண்டும். திருச்சபை ஸ்லாவோனிய (ரஷ்யத் தேவாலயங்களின் பழைய வழிபாட்டு மொழி) விவிலியத்தில் செங்கடல் 'செர்ம்னொயே மோரே', அதுவும் புழுவின் வழிச்சொல்தான். இன்றைய ரஷ்யனில்தான் 'கிராஸ்னொயே மோரே'. 'கிராஸ்னி'யில் நிறப்பொருள் வேரூன்றியது ஏறக்குறைய 16ஆம் நூற்றாண்டு வாக்கில். நாட்டுப்புறக் கதைகளில் வரும் 'கிராஸ்னா தெவித்சா' அழகான பெண், சிவந்த பெண் அல்ல. அதே சொல் வரும் பழமொழியும் இருக்கிறது: வீட்டுக்கு அழகு மூலைகள் அல்ல, பிரோக்தான் (அவர்கள் ஊர் பூரணம் வைத்த ரொட்டி).

மாலைவெயில்:
இடையில் ஒரு தகவல். ரஷ்யக் குடிசையில் திருவுருவப் படங்கள் வைக்கும் மூலைக்கு 'கிராஸ்னி ஊகல்' என்று பெயர். அடுப்பு இருப்பது அதற்கு நேர் குறுக்கே. விருந்தாளியை அமர்த்தும் கௌரவமான இடம் அது. அங்கே சிவப்பு எதுவும் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

கூழாங்கல்:
சரி, பெயரடையின் வரலாற்றில் அழகுதான் முன்னே, ஒப்புக்கொள்கிறேன். அடுப்பு உறவை மட்டும் விடமாட்டேன்.

நெய்தல்:
விட வேண்டாம். ஆனால் அது வேர்ச்சொல்லைப் பற்றிய ஊகம். பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவியர்களின் பழைய மொழி) மொழியில் 'புகழ்' என்ற பொருள் தரும் 'ஹ்ரோசா'வோடு சேர்ப்பவர்களும் உண்டு. அதை வைத்துச் சதுக்கத்துக்குச் சிவப்பு பூச முடியாது.