புதினா சிரப்: கொதிக்க விடணுமா, ஊற விடணுமா?

ஈயச்சொம்பு: நேற்று ஒருவர் மொஹிட்டோவுக்கு (ரம், எலுமிச்சை, புதினா கலந்த பானம்) புதினா சிரப் செய்முறை போட்டிருந்தார். "சர்க்கரை, தண்ணீர், புதினா மூன்றையும் போட்டு 10 நிமிடம் கொதிக்க விடவும்." பத்து நிமிடமாம்! அதற்குப் பெயர் சிரப் இல்லை, கஷாயம். சர்க்கரை கரைந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் இலையைப் போட வேண்டும். மூடி வைத்து, அரை மணி நேரத்தில் வடிகட்டினால் வேலை முடிந்தது.

கருப்பட்டி: அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்ல வாய் கூசுகிறதோ? எட்டு வருஷமாக இப்படித்தான் செய்கிறேன். விருந்துக்கு வந்த யாரும் கஷாயம் என்று சொன்னதில்லை.

ஈயச்சொம்பு: ரம் ஊற்றிக் கொடுத்தால் யார் சொல்வார்கள்? சிரப் என்ன நிறம், அதைச் சொல்லுங்கள். காக்கிதானே? கொதிக்கக் கொதிக்க பச்சை செத்துப் பழுப்பாகிவிடும். மென்தாலும் ஆவியாகிவிடும். வீடெல்லாம் மணக்கும், பாட்டிலில் ஒன்றும் இருக்காது.

ஓரக்கண்: ஒரு சின்னத் திருத்தம். நம் சந்தைப் புதினாவில் மென்தால் ரொம்பக் குறைவு. அந்த வாசனை கார்வோன் என்ற வேறொரு வாசனைப் பொருள்.

ஈயச்சொம்பு: எதுவோ ஒன்று, ஆவியாகிறதா இல்லையா?

கருப்பட்டி: நன்னாரி சர்பத்துக்குக் கொதிக்க விடுவதில்லையா? எங்கள் ஆச்சி வேரைத் தட்டிப் போட்டு, தண்ணீர் பாதியாகிற வரை...

ஈயச்சொம்பு: அது வேர் ஐயா! இது இலை. ரசத்துக்குக் கொத்தமல்லியை எப்போது போடுவீர்கள்? இறக்கும்போதுதானே? அங்கே தெரிகிற விஷயம் இங்கே ஏன் தெரியவில்லை?

வெட்டிவேர்: நான் இலையைக் கொதிநீரில் 15 விநாடி முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, ஆறிய சிரப்போடு மிக்ஸியில் அடித்து வடிகட்டுவேன். பச்சைப்பசேல் என்று இருக்கும்.

கருப்பட்டி: பார்த்தீர்களா, அவரும் கொதிநீர் என்கிறார்.

ஈயச்சொம்பு: 15 விநாடியும் 10 நிமிடமும் ஒன்றா? கணக்கு வராதா உங்களுக்கு?

கருப்பட்டி: கணக்கைப் பற்றி யார் பேசுவது! போன மாதம் "ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், சம எடை" என்று எழுதியது யாராம்? சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 240. சுட்டிக்காட்டியதும் சத்தமில்லாமல் பதிவைத் திருத்தினீர்கள்.

ஈயச்சொம்பு: திருத்துவது தப்பா? திருந்தாததுதான் தப்பு.

ஓரக்கண்: மொஹிட்டோவுக்கு சிரப் எதற்கு? சர்க்கரையையும் இலையையும் டம்ளரிலேயே எலுமிச்சைச் சாற்றோடு நசுக்குவதுதான் கியூபா வழக்கம்.

ஈயச்சொம்பு: இருபது பேருக்கு நசுக்கிப் பாருங்கள், மணிக்கட்டு பதில் சொல்லும். பேச்சை மாற்றாதீர்கள். ரோஸ்மேரி என்றால்கூட இரண்டு கொதி தாங்கும் என்று விடலாம். புதினாவுக்குப் பத்து நிமிடம் எதற்கு? நான்காவது முறையாகக் கேட்கிறேன்.

வெட்டிவேர்: சமமாகப் போட்ட சிரப் ஃப்ரிட்ஜில் எத்தனை நாள் தாங்கும்? என்னுடையது மேலே லேசாக வெள்ளை படிந்திருக்கிறது.

கருப்பட்டி: நான்கு முறை கேட்டதற்காகவே இன்று 12 நிமிடம் வைத்தேன். அருமை.

ஈயச்சொம்பு: படம் போடுங்கள். நிறம் தெரியட்டும்.

கருப்பட்டி: காலியாகிவிட்டது.

வெட்டிவேர்: அந்த வெள்ளை...?