குடிக்க என்ன வேண்டும் என்று எப்படிக் கேட்பது?

வணக்கம். மதுரையில் ஓர் அசைவ உணவகத்தில் சர்வராக இருக்கிறேன். "குடிக்க என்ன வேணும்?" என்றால் எல்லாரும் "தண்ணி போதும்" என்கிறார்கள். நேற்று ஓர் அம்மா மட்டன் சுக்கா காரம் தாங்காமல், கண்ணில் நீர் முட்ட, தண்ணீரை மடமடவென்று குடித்தார். காரம் அடங்கவில்லை. மோர் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் முகம் தெளிந்தது. மிளகாய்க் காரம் தண்ணீரில் கரையாது, பாலில் உள்ள புரதம்தான் அதை இழுத்துக்கொள்ளும். இதை ஆர்டர் எடுக்கும்போதே எப்படிச் சொல்வது? பில்லை ஏற்றப் பார்க்கிறான் என்று நினைத்துவிடக் கூடாது. அப்புறம், ஜிகர்தண்டாவை முதலிலேயே சொன்னால் பாலும் பாதாம் பிசினும் ஐஸ்கிரீமுமாக வயிறு நிறைந்துவிடுகிறது. சாப்பாடு முடிந்து கேட்டால் கை கழுவப் போய்விடுகிறார்கள். எந்த நேரத்தில், என்ன வார்த்தையில் கேட்பீர்கள்? அனுபவமுள்ள அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.