ஓசூர்: மினி பன்றிகளுக்குக் கொலஸ்ட்ரால் ஏறவில்லை, தீவன யோசனை தேவை

ஓசூர் பக்கம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் தமனித் தடிப்பு (ரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பு படிவது) ஆய்வுக்காகக் கோட்டிங்கன் மினி பன்றிகள் (ஆய்வுக்கென வளர்க்கும் சிறிய பன்றி இனம்) இருக்கின்றன. ஜனவரியில் கொழுப்புத் தீவனம் ஆரம்பித்தோம். ஏப்ரல் முடிந்தும் மொத்த கொலஸ்ட்ரால் 150 மி.கி./டெ.லி. தாண்டவில்லை, 300-க்கு மேல் வேண்டும். கழுத்துத் தமனி ஸ்கேனிலும் சுவர் தடிமன் அப்படியே.

எல்லாம் ஆண். பெண்ணுக்குக் கூடுதலாக ஏறும் என்பது தெரியும், ஆனால் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி ஆணுக்குத்தான். தீவனம்: மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, 20% பன்றிக் கொழுப்பு, 2% கொலஸ்ட்ரால். எடை மட்டும் ஜோராக ஏறுகிறது!

வெயிலில் கொழுப்பு சிக்கு வாடை அடித்ததால் வாராவாரம் புதிதாகக் கலந்து ஃபிரிட்ஜில் வைக்கிறோம். கொழுப்பில் பாதியைத் தேங்காய் எண்ணெயாக மாற்றியாயிற்று. இரவு பட்டினி போட்டுத்தான் ரத்தம் எடுக்கிறோம். வேறு லேபில் சோதித்தும் அதே அளவு.

பித்த உப்பு இல்லாமல் கொலஸ்ட்ரால் குடலில் சரியாக உறிஞ்சப்படாது என்று 0.7% சோடியம் கோலேட் சேர்த்தோம். கசப்பு தாங்காமல் தொட்டியை மூக்காலேயே கவிழ்த்துவிடுகின்றன. மொலாசஸ் ஊற்றியும் பாதி மிச்சம். பட்டினி கிடந்தால் கணக்கே கெட்டுவிடும் என்று நிறுத்திவிட்டோம்.

மினி பன்றிகளுக்குச் சோடியம் கோலேட் கொடுத்தவர்கள் சொல்லுங்கள்: எத்தனை சதவீதத்தில் ஆரம்பித்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை கூட்டினால் தீவனம் மிச்சம் வைக்காமல் தின்கின்றன?