மறு: ‘அதிர்வெண் வீச்சு விரிவாக்கம்’ சரியா?

> விலை குறைந்த ரேடியோ சோதனைக் கருவிகளின் அளவிடும் எல்லையைக் கூட்டுவதை ‘அதிர்வெண் வீச்சு விரிவாக்கம்’ எனலாமா?

வணக்கம் ஐயா,

‘விரிவாக்கம்’ இருக்கட்டும், ‘வீச்சு’தான் உதைக்கிறது. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் பெரிய மதிப்பிலிருந்து சிறியதைக் கழித்தால் வருவது வீச்சு. அந்த வகையில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இயற்பியல் புத்தகத்தில் வீச்சு என்றால் அலையின் உயரம். நம் ஹாம் ரேடியோ ஆட்களுக்கு இரண்டும் ஒரே வரியில் தேவைப்படும். ஆன்டெனா போன்றவற்றை அளக்கும் மலிவான கையடக்கக் கருவியான நானோவிஎன்ஏ பற்றி எழுதினால் “வீச்சு கூடக்கூட வீச்சு குறையும்” என்று முடியும். சொன்னது உண்மைதான், வாசிப்பவர்தான் பாவம்.

குறைவது ஏன் என்று பார்த்தால் பெயரும் அங்கேயே கிடைக்கும். முதலில் வந்த நானோவிஎன்ஏ-வில் அலையை உண்டாக்குவது எஸ்ஐ5351 என்ற மலிவான சில்லு. தயாரிப்பாளர் உறுதி தருவது 200 மெகாஹெர்ட்ஸ் வரைதான். ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) அதை 300 வரை விரட்டுகிறது. அதற்கு மேல் சில்லு நகராது. ஆனால் அது தருவது சதுர அலை. சதுர அலைக்குள் 3, 5, 7 மடங்கு அலைகளும் ஒளிந்திருக்கும். அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் கருவி 900, 1500 என்று ஏறுகிறது.

435 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவை அளக்கிறீர்கள் என்று வையுங்கள். சில்லு உண்மையில் அனுப்புவது 145. ஹாம்கள் பேசும் நம் இரண்டு மீட்டர் பேண்டேதான்! மும்மடங்கு மட்டுமே கணக்கில் எடுக்கப்படுகிறது. எதிர்ப்பக்கத்தில் மிக்சருக்கு (இரண்டு அலைகளைக் கலந்து, அவற்றின் வேறுபாட்டை ஒலி அதிர்வெண்ணாகத் தரும் பகுதிக்கு) போவது 87-ஐ ஒட்டிய அலை, அதில் ஐந்தாம் மடங்கு பயன்படுகிறது. இரண்டு பக்கமும் மூன்றாகவே வைத்திருந்தால் வலுவான அடிப்படை அலைகளும் தங்களுக்குள் கலந்து அதே ஒலி அதிர்வெண் பகுதியில் வந்து குட்டையைக் குழப்பும். 3-க்கு 5 என்று வைத்தவர் கெட்டிக்காரர். விலை? மூன்றாம் மடங்கின் உயரம் மூன்றில் ஒன்று, அதாவது சுமார் 9.5 டெசிபெல் இழப்பு. ஐந்தாவதில் 14. அதனால்தான் 300-ஐத் தாண்டியதும் திரையில் இரைச்சல் படிபோல ஏறுகிறது.

ஆகவே என் முன்மொழிவு: எல்லைக்கு ‘நெடுக்கம்’, இந்த உத்திக்கு ‘சீரிசை நீட்சி’. இந்த மடங்கு அலைகளுக்கு, அதாவது ஹார்மோனிக்குகளுக்கு, சீரிசை என்பது ஏற்கெனவே பாடநூலில் புழங்கும் சொல். நீட்சி என்பதில் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிற தொனி இருக்கிறது, இங்கே அது பொருத்தம். ‘விரிவாக்கம்’ என்றால் சாலை விரிவாக்கம்போல முழு வசதியும் கூடிவிட்டதாகத் தோன்றும்.

> ஹார்மோனிக்குக்கு ‘மடங்கலை’ என்று வைத்தால்?

மடங்கு + அலை, புரிகிறது. ஆனால் மடங்கல் என்றால் சிங்கம். ‘மூன்றாம் மடங்கலை அளந்தேன்’ என்று எழுதினால் தமிழாசிரியர் பயந்துவிடுவார்.

அப்புறம், எல்லா நீட்டலும் சீரிசை நீட்சி ஆகாது. ஆர்டிஎல் டாங்கிளுக்கு (கணினியில் செருகும் மலிவான ரேடியோ வாங்கிக்கு) முன்னால் ஒரு கன்வெர்ட்டரை வைத்து 7.1 மெகாஹெர்ட்ஸோடு 125-ஐக் கூட்டி 132.1-இல் கேட்பது வேறு சங்கதி. அங்கே சிக்னலையே இடம் மாற்றுகிறோம். அதற்கு ‘அதிர்வெண் பெயர்ப்பு’ என்று தனிச்சொல் வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் போட்டால், எதில் எவ்வளவு உணர்திறன் போகும் என்று புதிதாக வருபவருக்குத் தெரியாது.

இலங்கை நண்பர்கள் அதிர்வெண்ணை ‘மீடிறன்’ என்பார்கள். ‘மீடிறன் பெயர்ப்பு’ அவர்கள் காதுக்கு எப்படி இருக்கிறது என்று அவர்களே சொல்லட்டும். சொற்பட்டியலில் இப்படிப் போடலாம்:

சீரிசை நீட்சி: கருவியின் அலையாக்கி எட்டாத அதிர்வெண்களை, அதன் சீரிசைகளைக் கொண்டு அளக்கும் முறை. (எ-டு: “இந்தக் கருவி 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் சீரிசை நீட்சியில் இயங்கும்.”)

‘அலையாக்கி’யில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. ‘அலையியற்றி’ என்பவர்களும் உண்டு. எது வேண்டும், சொல்லுங்கள்.