குறைந்த செலவில் இரத்தக் காட்டேரி நகைச்சுவைப் படம்: செலவை எங்கே குறைக்கலாம்?

கேள்வி (ஜார்ஜ் டவுன், பினாங்கு)
அனைவருக்கும் வணக்கம். இங்குள்ள பழைய கடைவீடு ஒன்றில், நண்பர்கள் சிலர் சேர்ந்து இரத்தக் காட்டேரியைப் பற்றிய நகைச்சுவைத் திகில் குறும்படம் ஒன்றை எடுக்கவிருக்கிறோம். இரவுப் படப்பிடிப்புக்கான விளக்கு வாடகைக்கே கையிருப்பில் பெரும்பகுதி போய்விடும் என்பதால், பயமும் சிரிப்பும் கெடாமல் செலவைக் குறைக்க வழி சொல்லுங்கள்.

பதில் 1 (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)
தம்பி, இரவில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. வெயில் பட்டால் காட்டேரி அழிந்துவிடும் என்பது 1922இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மானிய மௌனப்படத்திலிருந்து பரவிய வழக்கம். பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலில் (1897) காட்டேரியான டிராகுலா பிரபு பகலிலும் நடமாடுகிறான், சக்திதான் குறைந்திருக்கும். அதே நாவலில் இன்னொரு விதியும் உண்டு: வீட்டிலுள்ள ஒருவர் அழைக்காமல் அவனால் முதன்முறை உள்ளே நுழைய முடியாது, ஒருமுறை அழைத்துவிட்டால் பிறகு நினைத்தபோதெல்லாம் வரலாம். நம் வீடுகளுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பன்று வாசலில் தயங்கி நிற்பவனைப் பாட்டி, “ஏன்யா வெளியிலேயே நிக்கிற, உள்ள வந்து சாப்பிடு” என்று கையைப் பிடித்து அழைத்து வந்து, காட்டேரிக்கு ஆகவே ஆகாத பூண்டு மணக்கும் ஆட்டிறைச்சிப் பிரட்டலைத் தட்டில் குவித்தால், ஒரே கூடத்தில் பகல் வெளிச்சத்திலேயே பாதிப் படம் முடிந்துவிடும். நடிப்பவர் மட்டும் சிரிப்பு மூட்ட முயலக்கூடாது. அந்தத் தட்டு அவருக்கு உயிர்ப் பிரச்சினையாக இருக்க வேண்டும்.

பதில் 2 (பட்டர்வொர்த்)
முழுமையாக ஏற்கிறேன். தைக்கா வைடிடியும் ஜெமைன் கிளெமென்டும் 2014இல் இயக்கிய நியூசிலாந்துப் படத்தில், வெலிங்டனில் ஒரே வீட்டில் வாழும் காட்டேரிகள் யார் பாத்திரம் கழுவுவது என்று தீவிரமாகச் சண்டையிடுவார்கள். ஆவணப்படப் பாணி என்பதால் கேமரா ஆடினாலும் அது குறையாகத் தெரியாது.

பதில் 3 (செந்தூல், கோலாலம்பூர்)
எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நம் மக்களை உண்மையிலேயே அச்சுறுத்துவது கறுப்பு அங்கி அணிந்த பிரபு அல்ல, பிடரியில் ஆணி அறைந்தால் சாதாரணப் பெண்ணாக மாறிவிடும் மலாய்ப் பெண் பேயான பொந்தியானாக்தான். இந்திய இயக்குநர் பி. என். ராவ், மரியா மெனாடோவை வைத்து 1957இல் எடுத்த ‘பொந்தியானாக்’ பெரும் வெற்றி பெற்று, தொடர்ச்சிப் படங்களுக்கும் வழிவகுத்தது. அதன் பிரதி எதுவும் மிஞ்சவில்லை என்பது பேரிழப்பு. பிரபுவுக்குப் பதிலாக அவளையே பாட்டி வீட்டுக்குள் அழைக்கட்டுமே.

பதில் 1 (மீண்டும்)
ஐயா சொல்வது சிந்திக்கத்தக்கது. ஆனால் அழைப்பு விதி டிராகுலாவுக்கு உரியது, இரண்டையும் கலந்தால் கதை குழம்பும். தம்பி, இரத்தத்துக்குச் சோளப்பாகுடன் சிவப்புச் சாயமும் சிறிது கொக்கோத் தூளும் கலந்தால் போதும். பழைய சுண்ணாம்புச் சுவரில் சாயம் ஊறிவிட்டால் எளிதில் போகாது. ஆகவே தெறிக்கும் காட்சியைக் கடைவீட்டின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில், பழைய துணி விரித்து எடுங்கள்.