முடக்குவாதம்: அடுப்படி வேலையில் விரல் மூட்டுகளைக் காப்பது எப்படி?

வெண்கலப்பானை:
அம்மாவுக்கு 58 வயது, முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்). அதற்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் 15 மி.கி. எடுக்கிறார். இரண்டு மணிக்கட்டும் விரல்களின் அடிக்கணுக்களும் வீங்கியிருக்கின்றன. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காது. பாட்டில் மூடி, குக்கர், தேங்காய்த் துருவல், துணி பிழிவது, இந்த நான்கும்தான் பெரும்பாடு. சமையலை யாரிடமும் விடமாட்டார். ஸ்பான்ஜ் பந்தை அழுத்தினால் பலம் வரும் என்கிறார்கள், செய்யலாமா?

தறிக்கட்டை:
இந்த நோயில் விரல்கள் சாய்வது சுண்டுவிரல் பக்கம். அந்தப் பக்கம் தள்ளும் வேலைகளைக் குறைக்க வேண்டும். மூடியை வலக்கையால் திறக்கட்டும், இடக்கையால் மூடட்டும். அப்படிச் செய்தால் இரண்டு முறையும் விசை கட்டைவிரல் பக்கமே போகும். விரல் நுனியால் பற்றாமல் உள்ளங்கையை மூடிமேல் பதித்து, கை முழுவதையும் திருப்பச் சொல்லுங்கள். அடியில் ஈரத்துணி இருந்தால் பாட்டில் சுழலாது. மற்றவர்கள் இறுக்கி மூடி வைத்தால் இதெல்லாம் வீண்!

நீளக் கைப்பிடிக் குக்கரைத் தூக்கினால் எடை முழுக்க மணிக்கட்டை நெம்பும். இருபுறமும் காது வைத்தது வாங்குங்கள். வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு அரை லிட்டர் சொம்பால் தண்ணீர் ஊற்றலாம். சோறு வடிப்பதை விட்டு, அளவுத் தண்ணீரில் வைக்கட்டும். திருகு மூடியே வேண்டாமென்றால் மின்சார ரைஸ் குக்கர்.

கறிவேப்பிலை:
தேங்காய்க்கு: உடைத்த மூடியை இரவு ஃப்ரீசரில் வைத்து, காலையில் சற்று வெளியே வைத்தால் பருப்பு ஓட்டைவிட்டு எளிதில் கழன்றுவரும். துண்டு போட்டு மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டினால் துருவல் தயார். மேசையில் பொருத்திச் சுற்றும் துருவி வேண்டாம், அதுவும் மணிக்கட்டுக்கு வேலைதான்.

ஏசி குழாயில் சுற்றும் கறுப்பு ஃபோமை 10 செ.மீ. வெட்டி ஸ்பூன், சீப்பு, பல்துலக்கி ஆகியவற்றின் பிடியில் செருகுங்கள். பிடி தடித்தால் விரலை இறுக்க வேண்டியதில்லை. அடுப்புக் கரண்டிக்கு மட்டும் கூடாது, உருகிவிடும்.

துணியை முறுக்கவே கூடாது. வடிதட்டில் மடித்து வைத்து இரு உள்ளங்கையாலும் அழுத்தினால் போதும்.

மருந்துச்சீட்டு:
பந்து விஷயம்: மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும்போது வேண்டாம், இறுகப் பிடிப்பது அதே அடிக்கணுக்களைத்தான் இழுக்கும். நோய் கட்டுக்குள் வந்தபின் நிலைமை வேறு. பிரிட்டனில் 490 பேரிடம் நடந்த 'சாரா' ஆய்வில் (லான்செட் மருத்துவ இதழ், 2015) படிப்படியாகக் கூட்டிய கைப்பயிற்சியால் கைச்செயல்பாடு மேம்பட்டது. ஆனால் பயிற்சியைத் தீர்மானித்தவர்கள் சிகிச்சையாளர்கள், பந்து விற்பவர்கள் இல்லை.

காலை விறைப்புக்கு வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் கையை வைத்து மெல்ல விரித்து மடக்கலாம். சூடாக வீங்கிய மூட்டுக்குத் துணி சுற்றிய ஐஸ்தான் இதம். குக்கர் வேலையை விறைப்பு விட்டபின் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை நேர விறைப்பும் வீக்கமும் இருந்தால் மருந்து போதவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். தினமும் எத்தனை மணிக்கு விரல் இளகியது என்று காலண்டரில் குறித்து ருமட்டாலஜிஸ்ட்டிடம் (மூட்டுவாத மருத்துவரிடம்) காட்டுங்கள். மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள்தான், கிழமையைப் பட்டையிலேயே எழுதிவையுங்கள். தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமல் வந்தால் அடுத்த வேளை போடுமுன் மருத்துவரிடம் கேளுங்கள்.

வெண்கலப்பானை:
மெத்தோட்ரெக்சேட்டின் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் அமிலத்தை அதே நாளில் கொடுக்கிறோம், சரியா?

மருந்துச்சீட்டு:
இங்கே பெரும்பாலும் மறுநாளுக்குத்தான் எழுதுவார்கள். உங்கள் சீட்டில் என்ன கிழமை இருக்கிறது என்று பாருங்கள்.