துடுப்பை வைத்தபின் அறிவியலும் தொழிலும்: எடுத்துக்காட்டு உண்டா?

கேள்வி: துடுப்புப் படகுப் போட்டிகளில் உச்சம் தொட்ட ஒருவர், பின்னாளில் தாம் கற்ற அறிவியலைக் கொண்டு தொழில் துறையிலும் பெயர் பெற்ற வரலாறு ஏதேனும் உண்டா? பயிற்சியாளராக மாறியவர்களை விட்டுவிடலாம்.

பதில்: டிக் டிரைசிகேக்கரைச் சொல்வேன். பொறியியல் படித்த அவர் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் இடம்பெற்றார். 1976இல் சகோதரர் பீட்டருடன் சேர்ந்து, மரத் துடுப்புகளுக்கு மாற்றாகக் கார்பன் இழைத் துடுப்புகளைச் செய்யத் தொடங்கினார். அதுவே வெர்மான்ட் மாநிலத்தின் கான்செப்ட்2 நிறுவனமாயிற்று. 1981இல் அவர்கள் வெளியிட்ட பயிற்சிக் கருவியில் எதிர்ப்பு விசையைத் தந்தது ஒரு சைக்கிள் சக்கரம்தான். வேகமாக இழுக்க இழுக்கக் காற்றின் தடையும் கூடுவதால், நீரில் படகு தரும் உணர்வை அது ஓரளவு தந்தது. இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் காணும் துடுப்புக் கருவிகள் பலவற்றுக்கு அதுவே முன்னோடி. 1991இல் வந்த அகன்ற, சமச்சீரற்ற அலகுடைய துடுப்பும் இவர்களுடையதே.

மற்றொரு பதில்: நல்ல எடுத்துக்காட்டுதான், ஆனால் அவர் பதக்கம் வென்றவர் அல்லர். வாகையர்தான் வேண்டுமென்றால் ஜோ ரான்ட்ஸைப் பாருங்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் எண்மர் படகுப் போட்டியில் இத்தாலியை வெறும் 0.6 வினாடியில் முந்திய அமெரிக்க அணியில் இருந்த அவர், வேதிப் பொறியியல் பட்டம் பெற்றுப் போயிங் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். சொந்தத் தொழில் நடத்தியவர் அல்லர் என்பது மட்டுமே குறை.

கேட்டவர்: நன்றி. சைக்கிள் சக்கரச் செய்தி எனக்குப் புதிது.